உருளைக்கிழங்கு நிலவறையில் ஒரு சிவப்பு விளக்கு

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

எனக்கு இங்கே ஸ்டுட்கார்ட்டில் மாலை ஐந்து மணி. உங்களில் பெரும்பாலானோருக்கு இரவு ஒன்பதரை. ஆனால் உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற இருட்டுதான் என் ஜன்னலுக்கு வெளியேயும் இருக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் இங்கே மாலை 4:40-க்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மறுநாள் காலை 8:15-க்குத்தான் திரும்ப வரும். அதுவும் மேகம் வழிவிட்டால்.

அமைப்பாளர்கள் தலைப்பு கேட்டபோது "அலாரம் வாங்கப் போன கதை" என்று சொன்னேன். இலக்கியக் கூட்டத்தில் அலாரமா என்று சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதில்லை. துயிலில் கிடப்பவரை எப்படி எழுப்புவது என்பது நம் இலக்கியத்துக்கு மிகப் பழைய கவலை. தொல்காப்பியத்தில் அரசனைப் பாடி எழுப்புவதற்குத் துயிலெடை நிலை என்று தனித்துறையே உண்டு. பின்னால் அதுவே கடவுளை எழுப்பும் திருப்பள்ளியெழுச்சியானது. மார்கழியில் தோழிகளை எழுப்பும் பாட்டுகள் நம் வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றன. அவை எல்லாமே குரலால் எழுப்புகிறவை. நான் பேசப்போவது ஒளியால் எழுப்புவதைப் பற்றி. இதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா மதுரைக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் கணக்கெழுதினார். நாற்பது வருடம் காலை 4:30-க்கு எழுந்தவர். வீட்டில் டைம்பீஸ் ஒன்று இருந்தது. அது எங்களுக்காக இருந்ததே தவிர, அவர் அதைத் திருகி நான் பார்த்ததில்லை. போன டிசம்பரில் முதல்முறையாக எங்களோடு குளிர்காலத்தைக் கழிக்க வந்தார். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து, ரசம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது சமையலறை நாற்காலியில் குளித்து, திருநீறு பூசி, ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். விளக்கைக்கூடப் போடவில்லை. "என்னப்பா, விடியவே மாட்டேங்குது" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே குளிர்கால நேரம் இந்திய நேரத்துக்கு நாலரை மணி நேரம் பின்னால். நம் ஊர் 4:30 என்றால் இங்கே சரியாக நள்ளிரவு 12. மனிதர் தவறவே இல்லை. நாற்பது வருடப் பழக்கத்தில் நிமிடம் பிசகாமல் எழுந்திருக்கிறார். விடிய இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்றேன். பத்து நாளாகியும் ஆகவில்லை. காலையில் பனி, வெளியே போக முடியாது. மதியம் கண் அசந்துவிடுவார். நாலு மணிக்கு எழுந்தால் வெளியே இருட்டியிருக்கும். விடிந்ததா, பொழுது சாய்ந்ததா என்று குழம்பிப்போவார். ஒருநாள் என்னிடம், "எனக்கு இங்க பொழுதக் கண்டுபிடிக்க முடியலப்பா, ஊருக்கு அனுப்பிவிடு" என்றார். அப்பா கண் கலங்கி நான் பார்த்தது அம்மா போனபோது ஒருமுறை. அதற்கடுத்து அன்றைக்குத்தான்.

அதே வீட்டில் இன்னொரு அறையில் என் மகள். பதினான்கு வயது. பள்ளி 7:45-க்குத் தொடங்கும். 6:15-க்கு எழ வேண்டும். இரண்டு கைபேசி அலாரம், மூன்றாவதாக என் மனைவியின் குரல். எதற்கும் அசையமாட்டாள். எழுந்தபிறகும் ஒரு மணி நேரம் முகத்தில் உயிர் இருக்காது. முதல் பாடவேளையில் தூங்கி விழுகிறாள் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். நான் அவளைச் சோம்பேறி என்று திட்டினேன். அப்பாவைப் பிடிவாதக்காரர் என்று மனதுக்குள் திட்டினேன். இரண்டும் தவறு என்று தெரிய எனக்கு ஒரு மாதமும் கொஞ்சம் வாசிப்பும் தேவைப்பட்டன.

இங்கே கடைகளில் லிஷ்ட்வெக்கர் என்று ஒன்று விற்கிறார்கள். லிஷ்ட் என்றால் ஒளி, வெக்கர் என்றால் எழுப்புவது. மணி அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே சிவப்பாக மினுங்கத் தொடங்கி, ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கடைசியில் வெள்ளையாக அறையை நிறைக்கும் விளக்கு. விடியல் விளக்கு என்று வைத்துக்கொள்வோம். ஊரின் பெரிய கடைத்தெருவான கோனிக்ஷ்ட்ராஸவில் ஒரு கடையில் முப்பது யூரோவிலிருந்து இருநூறு யூரோ வரை பத்துப் பன்னிரண்டு வகை பார்த்தேன். எதை எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு வெளியே வந்து, மழைக்கு ஒதுங்கிப் பக்கத்திலிருந்த பழைய அரண்மனைக்குள் போனேன். அதுதான் இந்த மாநில அருங்காட்சியகம். அங்கே கடிகாரங்களும் அறிவியல் கருவிகளும் ஏராளம்.

அவற்றில் ஒன்று பிலிப் மத்தேயுஸ் ஹான் என்ற பாதிரியார் உருவாக்கிய வான இயந்திரம். 1769-இல் இந்நாட்டுப் பிரபு கார்ல் ஆய்கனுக்காகச் செய்தது. பற்சக்கரங்களால் கோள்கள் சுழலும். ஹான் 1781 முதல் 1790-இல் இறக்கும்வரை எக்டர்டிங்கன் என்ற சிற்றூரில் சபை நடத்தினார். ஞாயிறு பிரசங்கம், மற்ற நாள் பற்சக்கரம். என் அப்பா வந்திறங்கிய விமான நிலையம் இருப்பது அந்த எக்டர்டிங்கனை ஒட்டித்தான். பித்தளையில் சூரியனை ஓட்டிக் காட்டியவரின் ஊரில் வந்திறங்கிய ஒருவருக்குச் சூரியனைக் காணோம்.

ஹானுடைய இயந்திரம் பிரபுக்களுக்கானது. ஏழைகள் வீட்டுக்குள் கடிகாரம் வந்த வழி வேறு. இங்கிருந்து தென்மேற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில், நமக்குக் கேக்கின் பெயராக மட்டும் தெரிந்த பிளாக் ஃபாரஸ்ட், கருங்காடு, இருக்கிறது. பனியில் அடைபட்டுக் கிடந்த குடியானவர்கள் குளிர்காலத்தில் மரச் சக்கரம் செதுக்கிக் கடிகாரம் செய்து, முதுகில் கட்டித் தூக்கிப்போய் விற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பித்தளைத் தகட்டை அச்சில் வெட்டி மலிவாகக் கடிகாரம் செய்யத் தொடங்கியதும் இவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது. அந்த அமெரிக்க முறையையே இங்கே கொண்டுவந்து பிழைத்தவர்களில் முதன்மையானவர்கள் ஷ்ராம்பெர்க் ஊரின் யுங்ஹான்ஸ் குடும்பத்தார். 1861-இல் எர்ஹார்ட் யுங்ஹான்ஸும் அவர் மைத்துனரும் தொடங்கிய ஆலை, அவர் மகன் ஆர்தர் காலத்தில், 1903-இல், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுடன் வருடம் முப்பது லட்சத்துக்கும் அதிகமான கடிகாரங்கள் செய்யும் உலகின் மிகப்பெரிய கடிகார ஆலையாகியிருந்தது. அவர்களுடைய எட்டுமுனை நட்சத்திர முத்திரை உலகமெங்கும் போயிற்று. காரைக்குடிப் பழம்பொருள் கடையொன்றில் தூசியோடு தொங்கிய சுவர்க் கடிகாரத்தில் அதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அந்த நட்சத்திரம் என்னவென்று எனக்குத் தெரியாது.

அவர்கள் செய்து குவித்தவற்றில் முக்கியமானது வெக்கர், அதாவது அலாரம். தலையில் மணி வைத்த தகர டப்பா. இதை வரலாற்றில் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. மதுரையில் என் தாத்தா காலத்தில் ஹார்வி மில் சங்குதான் ஊருக்கு நேரம் சொன்னது. சங்கு எல்லோருக்கும் பொது. மில்லுக்குப் போகாதவனும் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவான். இங்கிலாந்தின் ஆலை ஊர்களில் காசு வாங்கிக்கொண்டு நீளக் கழியால் மாடி ஜன்னலைத் தட்டி எழுப்புகிறவர்கள் இருந்தார்கள். மலிவு அலாரம் வந்ததும் சங்கும் கழியும் தலையணை ஓரத்துக்கே வந்துவிட்டன. ஆலை தன்னை எழுப்ப வேண்டிய பொறுப்பைத் தொழிலாளியே காசு கொடுத்து வாங்கிக்கொண்டான். இதே ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் போஷ் 1906-இல் தன் ஆலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். நல்ல காரியம், சந்தேகமில்லை. நாளுக்கு இரண்டு ஷிப்ட் ஓட்டவும் அது வசதியாக இருந்தது. ஷிப்ட் வந்தால் அலாரமும் வரும்.

நேரத்தையே சூரியனிடமிருந்து பிரித்த காரியமும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. ரயிலுக்காக 1893-இல் ஜெர்மனி முழுவதற்கும் ஒரே நேரம் என்று சட்டம் போட்டார்கள். அதற்கு அடிப்படை 15 பாகைத் தீர்க்கரேகை. ஸ்டுட்கார்ட் அதற்கு ஏறக்குறைய ஆறு பாகை மேற்கே கிடக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம். ஆக, கடிகாரத்தில் 12 அடித்து 23 நிமிடம் கழித்துத்தான் இங்கே சராசரியாக உச்சிப்பொழுது. 1916 ஏப்ரல் 30 அன்று, போரில் நிலக்கரி மிச்சம் பிடிக்க, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கத்தை நாடு முழுவதும் கொண்டுவந்த முதல் தேசமும் இதுதான். நமக்கும் இதில் அனுபவம் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது 1942 முதல் 1945 வரை இந்தியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருந்தார்கள். மதுரைக்குச் சூரியன் இந்தியப் பொதுநேரத்துக்கு ஏறக்குறைய 17 நிமிடம் பின்னால் வருகிறது. ஆனால் அது யாருக்கும் உறைப்பதில்லை, ஏனென்றால் மதுரையில் வருடம் முழுவதும் சூரிய உதயம் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்குள்தான் முன்னே பின்னே நகரும். இங்கே ஜூனுக்கும் ஜனவரிக்கும் இடையில் நாலு மணி நேரம் நகர்கிறது. அப்பாவின் உடம்பு எழுபது வருடமாக முக்கால் மணி நேர ஊஞ்சலில் ஆடிப் பழகியது.

ஷ்ராம்பெர்கில் இன்னொரு அதிசயம் உண்டு. யுங்ஹான்ஸ் ஆலையின் தெரஸ்ஸென்பாவ், படிக்கட்டுக் கட்டடம். ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த பிலிப் யாகோப் மன்ஸ் வடிவமைத்தார். 1918-இல் முடிந்தது. மலைச்சரிவில் ஒன்பது அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பின்னால் தள்ளி, நம் மலைக்கிராமத்து வயல் வரப்புகள் போல ஏறுகிறது. காரணம், நுண்ணிய வேலை செய்கிற ஒவ்வொருவர் மேசைக்கும் பகல் வெளிச்சம் நேராக விழ வேண்டும். இப்போது அது அருங்காட்சியகம். நான் போனது ஒரு பிப்ரவரி மதியம். உள்ளே நின்றபோது, வெளியே அவ்வளவு மங்கலான நாளிலும், மேசைகள் வெளுத்துக் கிடந்தன. உலகத்தை இருட்டில் மணியடித்து எழுப்பும் பெட்டிகளைச் செய்தவர்கள், அவற்றைச் செய்ய மட்டும் சூரியன்தான் வேண்டும் என்று மலையையே வெட்டியிருக்கிறார்கள்.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

ஒளி எப்படி எழுப்புகிறது என்பது தெரியவந்த கதை அவரைச் செடியில் தொடங்குகிறது. அவரை, பீன்ஸ் இலைகள் பகலில் விரிந்து இரவில் தொங்கும். இருட்டறையில் வைத்தாலும் இது தொடரும் என்பது முன்பே தெரிந்ததுதான். 1920களில் ஹம்பர்க்கில் ரோஸ் ஸ்டாப்பெல் என்ற தாவரவியலாளர் ஒன்றைக் கவனித்தார். வெளிச்சமே இல்லாத, வெப்பமும் மாறாத அறையில் இலைகள் தினமும் அதிகாலை மூன்று நாலு மணிக்கு, ஒரே நேரத்தில், முழுதாகத் தொங்குகின்றன. கடிகாரம் இல்லாத செடிக்கு மணி எப்படித் தெரிகிறது? வளிமண்டலத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு சக்தி வருகிறது என்று அவர் நினைத்தார். ஃப்ராங்க்ஃபர்ட்டில் எர்வின் ப்யூனிங், குர்ட் ஸ்டெர்ன் என்ற இரு இளைஞர்கள் இதைச் சோதித்தார்கள். நல்ல இருட்டறை கிடைக்காமல் ஸ்டெர்ன் வீட்டு உருளைக்கிழங்கு நிலவறையைப் பயன்படுத்தினார்கள். அங்கே இலைகள் தொங்கும் நேரம் பல மணி நேரம் தள்ளிப்போயிற்று. அதே செடி, அதே இருட்டு. பின் என்ன மாறியது?

மாறியது தண்ணீர் ஊற்றும் நேரம். செடிக்குத் தண்ணீர் விட உள்ளே போகிறவர் கையில் மங்கலான சிவப்பு விளக்கு இருக்கும். சிவப்பு வெளிச்சம் செடியை ஒன்றும் செய்யாது என்பது அன்றைய நம்பிக்கை. ஸ்டாப்பெலின் செடிகளுக்குக் காலையில் தண்ணீர். நிலவறைக்கு இவர்கள் போனது அதைவிடத் தாமதமாக. அந்த ஒரு நிமிடச் சிவப்பு மினுக்கத்தைத்தான் செடிகள் விடியலாக எடுத்துக்கொண்டிருந்தன. விளக்கையும் எடுத்துவிட்டு இருட்டில் தடவியே தண்ணீர் ஊற்றியபோது, இலைகள் தம் இஷ்டத்துக்கு, 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்ட சுழற்சியில் ஆடத் தொடங்கின. வானத்திலிருந்து எந்தச் சக்தியும் வரவில்லை. கடிகாரம் செடிக்குள்ளேயே இருந்தது. ஆனால் அது துல்லியமில்லாத கடிகாரம். தினமும் யாராவது திருத்தி வைக்க வேண்டும். திருத்துவது ஒளி. 1930-இல் இது வெளிவந்தது. அறிவியல் வரலாற்றில் எனக்குப் பிடித்த நிலவறை அதுதான்.

ப்யூனிங் 1946-இல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்து கடைசிவரை அந்த ஊரிலேயே இருந்தார். ட்யூபிங்கன் இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். 1958-இல் உடலியல் கடிகாரம் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. 1960-இல் அமெரிக்காவில் உயிரிக் கடிகாரங்களுக்கென்று நடந்த புகழ்பெற்ற மாநாட்டில் தொடக்க உரை அவருடையது. இவற்றையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு இரவில் ப்யூனிங்கின் ஆய்வுக்கூடத்தில் 1960களில் வேலை செய்தவர்களைத் தேடியபோது ஒரு பெயர் வந்து நின்றது. எம்.கே. சந்திரசேகரன். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று ட்யூபிங்கன் வந்தவர். பழ ஈக்கள் கூட்டிலிருந்து எந்த மணிக்கு வெளிவருகின்றன, ஒளி அதை எப்படித் தள்ளுகிறது என்று ஆராய்ந்தவர். 1970களின் நடுவில் அவர் திரும்பிப்போய்ச் சேர்ந்த இடம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். அதன் மதிலை ஒட்டி நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்து எங்கள் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது வௌவால்களை. மாணவர் ஜி. மாரிமுத்துவும் ஆர். சுப்பராஜும் சேர்ந்து செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். வெளிச்சமே எட்டாத குகையின் உட்பகுதியில் கூண்டில் ஒரு பூச்சியுண்ணி வௌவால். அதைச் சுற்றிச் சுதந்திரமாகப் பறக்கும் பெரிய கூட்டம். கூட்டம் அந்தியில் வெளியே போய் இரை தேடித் திரும்பும். கூண்டிலிருப்பது சூரியனைப் பார்ப்பதே இல்லை. ஆனாலும் கூட்டம் கிளம்பும் நேரத்துக்கு அதுவும் விழித்துப் படபடத்தது. நாள் தவறாமல். கூட்டமே இல்லாத இருட்டில் தனியாக வைத்தபோது அதன் நேரம் தினமும் நழுவிப் போயிற்று. இருட்டில் கிடந்த ஒன்றுக்கு உறவுக்கூட்டத்தின் ஆரவாரமே சூரியனாக இருந்திருக்கிறது. 1978-இல் இது ஒரு ஜெர்மானிய அறிவியல் இதழில் வந்தது. அதை வாசித்ததும் நான் கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறையில் அப்பா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

1984-இல் திலீப் ஜோஷியுடன் சேர்ந்து இன்னொன்றை வெளியிட்டார் சந்திரசேகரன். வௌவாலின் கடிகாரத்தைத் திருத்த எவ்வளவு ஒளி வேண்டும்? கேமரா ஃப்ளாஷ் போல ஒரு மின்னல், அரை மில்லி விநாடி. பிரகாசமாக இருந்தால் அதுவே போதும், கடிகாரம் நகர்ந்துவிடுகிறது. மனிதர்களுக்கும் மதுரையில் ஒரு தனிமைக் கூடம் கட்டினார்கள். தன்னார்வலர்கள் கடிகாரமும் செய்தித்தாளும் பகல் வெளிச்சமும் இல்லாமல் நாட்கணக்கில் தங்கினார்கள். ஒரு பெண் தன்னார்வலரின் தூக்க, விழிப்புச் சுழற்சி வேறு, மாதவிலக்குச் சுழற்சி வேறு, ஒன்றை ஒன்று இழுப்பதில்லை என்று 1991-இல் எழுதினார்கள். நாகமலை அடிவாரத்தில் இது நடந்துகொண்டிருந்தபோது நான் அலாரம் அடித்தும் எழாமல் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

அத்தகைய கூடங்களுக்கு முன்னோடி பவேரியாவில் ஆண்டெக்ஸ் என்ற இடத்தில் யூர்கன் அஷாஃபும் ருட்கர் வேவரும் அமைத்தது. 1960களிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே நிலத்தடியில் இருந்திருக்கிறார்கள். பெரும்பாலோருடைய நாள் 24 மணிக்குச் சற்று அதிகமாக நீண்டது. நாளைத் திருத்தும் அடையாளத்துக்குச் சைட்கேபர், நேரம் கொடுப்பது, என்று பெயர் வைத்தவர் அஷாஃப். வேடிக்கை என்னவென்றால், மனிதனுக்கு ஒளி முக்கியமில்லை, மற்ற மனிதர்கள்தான் சைட்கேபர் என்று அவர்கள் வெகுகாலம் நினைத்தார்கள். காரணம், கூடத்து விளக்குகள் மங்கல். 1980-இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லூயி 2500 லக்ஸ் வெளிச்சத்தில் இரவு நேர மெலடோனின் சுரப்பு அடங்குவதைக் காட்டினார். சாதாரண வீட்டு விளக்கு அதை அப்படி அடக்கவில்லை. மனிதனும் செடியைப் போலத்தான், ஆனால் அவனுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே உள்ள செல்கள் தெரியவந்தன. நீல ஒளிக்கு அவை அதிகம் அசைகின்றன.

மகள் விஷயத்துக்கு வெளிச்சம் தந்தவர் ம்யூனிக்கின் டில் ரோனபெர்க். பதின்பருவத்தில் உடற்கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போய், இருபது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு முன்னுக்கு வருகிறது என்று 2004-இல் காட்டினார். பள்ளிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இந்த இழுபறிக்குச் சமூக ஜெட்லாக் என்று பெயர். 2007-இல் அவருடைய குழு இன்னொன்று சொன்னது. ஒரே நேரம் வைத்திருக்கும் ஜெர்மனிக்குள்ளேயே கிழக்கே இருப்பவர்கள் முன்னதாகவும் மேற்கே இருப்பவர்கள் பின்னதாகவும் எழுகிறார்கள், சூரியன் நகரும் அதே கணக்கில். 1893-இன் சட்டத்தை உடம்பு இன்னும் ஏற்கவில்லை. ஜனவரி 6:15 என்பது என் மகளுக்கு நடுச்சாமம். அவளைச் சோம்பேறி என்றது எவ்வளவு பெரிய அறியாமை என்று அப்போதுதான் புரிந்தது. இதை அவளிடம் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். "சரி, அப்ப ஸ்கூலுக்கு லெட்டர் எழுதுங்கப்பா" என்றாள்.

விளக்கு வாங்கும்போது நான் பார்த்தவற்றைக் கேட்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் எத்தனை நிறம், எத்தனை பறவைச் சத்தம் என்பதெல்லாம் பொருட்டல்ல. தலையணையிலிருந்து ஒரு கை தூரத்தில் எத்தனை லக்ஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருநூறு, முந்நூறு என்றால் நல்லது. எண்ணே போடாதவற்றில் பல வெறும் வண்ண விளக்குகள். சிவப்பில் தொடங்குவது அழகுக்காக மட்டுமல்ல. மூடிய இமை வழியே உள்ளே போகும் கொஞ்ச ஒளியில் சிவப்புதான் அதிகம், நீலம் மிகக் குறைவு. நேரம் காட்டும் எண்கள் இரவில் முழுதும் அணையக்கூடியதாக இருக்கட்டும். கடைசியில் மணியும் அடிக்கட்டும், பரீட்சை நாளில் விளக்கை மட்டும் நம்ப முடியாது. விழித்தவுடன் இருக்கும் மந்தத்தை இது குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் குளிர்காலச் சோர்வுக்கு மருத்துவர்கள் சொல்லும் பத்தாயிரம் லக்ஸ், அரைமணி நேரம் என்ற சிகிச்சை விளக்கு வேறு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரவு பதினொன்றரை வரை முகத்துக்கு நேரே கைபேசி எரிந்தால் எந்த விளக்கும் உதவாது. இதை வீட்டில் சொல்லப்போய் என் கைபேசியும் ஒன்பதரைக்கு அலமாரிக்குப் போயிற்று.

இன்னொன்று, காசில்லாதது. இங்கே எல்லா வீட்டு ஜன்னலிலும் ரோலாடன் என்ற சுருள் கதவு இருக்கும். இறக்கினால் அறை கருங்கும்மென்று ஆகிவிடும். குளிருக்கு என்று எல்லா அறையிலும் இறக்கி வைத்திருந்தோம். காலை எட்டேகாலுக்கு வரும் அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் நாங்களே வெளியே நிறுத்தியிருக்கிறோம். அப்பாவை அந்த நிலவறைச் செடியாக வைத்திருந்தது நாங்கள்தான்.

அப்பாவுக்கு விளக்கு வாங்கவில்லை. தினமும் எட்டரைக்கு, பனியோ மழையோ, கம்பளிக் குல்லாவோடு நெக்கார் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். மேகம் மூடிய நாளிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் உண்டு. வீட்டுக்குள் இருநூறு கூடத் தேறாது. மாலையில் அவரைத் தூங்கவிடாமல் பேத்தி தாயக்கட்டை உருட்டினாள். காலையில் அவளைப் பள்ளிக்குக் கிளப்பும் ஆரவாரத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டோம். இட்லிக்கு அவர்தான் சட்னி அரைப்பார். எட்டு நாளில் விடிகாலை ஐந்தரைக்கு எழ ஆரம்பித்தார். ஒளி பாதி, வௌவால் கூட்டம் பாதி என்று நான் நினைத்துக்கொண்டேன். பொங்கல் கழித்துத்தான் ஊருக்குப் போனார்.

விளக்கு மகள் அறையில் இருக்கிறது. அருங்காட்சியகம் போய்வந்த மறுவாரம் வாங்கியது, எண்பது யூரோ. தொல்காப்பியர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தபோது வைகறை வேறு, விடியல் வேறு என்று வைத்தார். இருட்டு இன்னும் விலகாத, ஆனால் விலகப்போகிற அந்த வைகறையை முப்பது நிமிடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உருண்டை அங்கே செய்து காட்டுகிறது. முதல் மூன்று நாள் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மணிக்கு முன்பே எழ ஆரம்பித்தாள். தினமும் அல்ல, வாரத்தில் மூன்று நாலு நாள். திங்கட்கிழமை இன்னும் மனைவியின் குரல்தான்.

அப்பா ஊரிலிருந்து தினமும் பேத்தியைக் கூப்பிடுகிறார். அவருக்குக் காலை பதினொன்று, இங்கே ஆறரை. கேட்பது எப்போதும் ஒரே கேள்வி, "அங்க விடிஞ்சிருச்சாத்தா?" நேற்று நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் அறையிலிருந்து பதில் கேட்டது.

"இன்னும் இல்ல தாத்தா. ஆனா நான் எந்திரிச்சிட்டேன்."